துணி போட்டால் போதுமா, கேட்க வேண்டுமா?

“அப்படியானால் இங்கே தகராறே இல்லையே” என்றார் தொழில் அதிகாரி. சொல்லிவிட்டு ஃபைலைக் கட்டும் நாடாவைத் தேடினார்.

மேசைக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய தொரை. அவருக்குப் பின்னால், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கும் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியும் நின்றார்கள். இந்தப் பக்கம் எங்கள் சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி அந்தோணி, அவருக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கும் நான், எங்கள் இருவருக்கும் பக்கத்தில் பாக்கியம் என்ற கொழுந்து பறிக்கும் பெண். அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பாக்கியம் புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் காம்பராவைக் காலி செய்தாக வேண்டும். அந்த நாடா கட்டப்பட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. அதைக் கட்டுகிற நிலைக்குக் கொண்டுவந்தது தொரை அல்ல. நான் எழுதிய கடிதம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு பரீட்சைத் தாள். அரசாங்க வேலைக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போன வாரம் கொண்டுவந்து காட்டினார்கள். ஒருவர் சொல்கிறார்: “இந்தப் பாலம் பழையது. லொறி போகக் கூடாது.” இன்னொருவர் சொல்கிறார்: “பழைய பாலம்தான். ஆனால் போன மாதம் பலப்படுத்தினார்கள். லொறி போகலாம்.” இருவரும் எதில் முரண்படுகிறார்கள்? கீழே நாலு விடைகள். ஒரு பிள்ளை பாலம் பழையதா என்பதில் கோடு போட்டிருந்தான். இன்னொருத்தி பலப்படுத்தினார்களா என்பதில் போட்டிருந்தாள். “தாத்தா, ரெண்டு பேரும் சண்டை போடறாங்கன்னு தெரியுது. எதுக்குன்னுதான் தெரியல” என்றாள் அவள். அந்த வாக்கியத்தை என் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். மனிதர்கள் சொல்வதைக் குறித்துவைப்பது என் பழைய பழக்கம். எனக்கும் ஒரு காலத்தில் அது தெரியாமல்தான் இருந்தது. தெரியாததால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரப் பார்த்தது.

1. பத்துச்சீட்டு

ஐம்பதுகளின் கடைசி. இலங்கை மலைநாட்டு அட்டனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் சங்க ஆபீஸ். மரப்படியில் யாராவது ஏறினால், ஏறுகிற விதத்திலேயே வருகிறவரின் குறை எவ்வளவு பெரியது என்று அந்தோணி ஐயா சொல்லிவிடுவார். பாக்கியம் ஏறி வந்த அன்று அவர், “இது பத்துச்சீட்டுடா, பேனாவ எடு” என்றார்.

பத்துச்சீட்டு என்றால் வேலை நீக்கக் கடிதம். பேர் வெட்டியாயிற்று, ஒரு மாதத்துக்குள் காம்பராவை விடு என்று பொருள். பாக்கியத்தின் புருஷன் அதே தோட்டத்தில் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் இலை வாட்டுகிற வேலை செய்தார். அந்தக் காலத்தில் பெண்சாதிக்குச் சீட்டுக் கொடுத்தால் புருஷனுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். போக்கிடம் என்று அவர்களுக்கு எதுவும் இல்லை. பிரஜாவுரிமை மனு எங்கோ ஒரு கந்தோரில், அதாவது அரசாங்க ஆபீஸில், தூங்கிக்கொண்டிருந்தது. வேறு தோட்டத்தில் பேர் பதியப் போனால், முதல் கேள்வியே ஏன் பழைய தோட்டத்தில் நிப்பாட்டினார்கள் என்பதுதான்.

தோட்டம் டிக்கோயாவுக்கு அப்பால் இருக்கிறது. பெயர் வேண்டாம். நடந்தது இவ்வளவுதான். அன்று மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பாக்கியம், கூடையைத் தேயிலை நிரையிலேயே இறக்கி வைத்துவிட்டுக் கீழே பிள்ளைக் காம்பராவுக்கு ஓடியிருக்கிறார். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பத்து மாதக் குழந்தைக்குக் காய்ச்சலில் இழுப்பு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிள்ளை பிழைத்தது. அதே நேரம் பெரிய தொரை மலைக்கு வந்திருக்கிறார். ஆளில்லாத கூடையைப் பார்த்து யாருடையது என்று கேட்டிருக்கிறார். வீரமுத்துக் கங்காணி பயந்துபோய், “பாக்கியம், தொரை. கேக்காம போயிட்டா” என்று சொல்லிவிட்டார்.

தொரை புதிதாக வந்தவர். வந்த கையோடு பெரட்டில் ஒரு கட்டளை வாசிக்கச் சொல்லியிருந்தார். விடியற்காலையில் எல்லோரையும் நிற்க வைத்து வேலை பிரிக்கும் கூட்டந்தான் பெரட்டு. கங்காணியைக் கேட்காமல் யாரும் நிரையை விட்டுப் போகக் கூடாது, போனால் பேர் வெட்டப்படும் என்பது கட்டளை. வாசித்தவர் கண்டாக்கு. மூன்று மாதம் கழித்து முதல் ஆளாகச் சிக்கியவர் பாக்கியம்.

பாக்கியம் ஒரு மணி நேரம் பேசினார். நான் முதல் கால் மணி நேரம் எழுதினேன். பிள்ளை, இழுப்பு, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டு, இவ்வளவும் கையில் வந்ததும் எனக்கு மனது நிறைந்துவிட்டது. மீதியைக் கேட்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினேன்.

2. மூன்று பக்கம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் படித்தது சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாள்களில். அட்டை கிழிந்த அகராதி ஒன்றும் வைத்திருந்தேன். அப்படிப் படித்தவனுக்கு எழுதக் கிடைத்தால் விடுவானா? தொழில் கந்தோருக்கு மூன்று பக்கம் எழுதினேன். பெற்ற வயிறு, பச்சைக் குழந்தை, இரக்கமற்ற நிர்வாகம், எல்லாம் இருந்தது. ஆஸ்பத்திரித் துண்டைப் பார்த்து ஒரு நகல் எழுதி, குண்டூசியால் குத்தி இணைத்தேன்.

தொரையின் கடிதத்தில் அனுமதி கேட்காமல் போனார் என்று இருந்தது. கேட்கவில்லை என்று தொரை எழுதினால், கேட்டார் என்று நாம் எழுத வேண்டும், அதுதானே மறுப்பு என்று நினைத்தேன். எந்தப் பெண்தான் ஒரு வார்த்தை சொல்லாமல் போவாள், சொல்லியிருப்பார் என்று நானே முடிவு கட்டினேன். ‘கங்காணியிடம் சொல்லி அனுமதி பெற்றே சென்றார்’ என்று ஒரு வரி போட்டேன். கடிதம் இங்கிலீஷில் இருந்ததால் பாக்கியத்துக்கு வாசித்துக் காட்டவும் இல்லை.

அந்தோணி ஐயா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “ஒன் கடுதாசியப் படிச்சா கல்லும் அழுவும்டா. ஆனா தொரை கல்லு இல்லியே, என்ன பண்றது?” என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

3. இருவரும் ஆமென்றார்கள்

விசாரணைத் தேதி வருவதற்கே மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வியாழக்கிழமை காலை அட்டன் முழுக்க மூட்டம். கந்தோர் சன்னல் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது. பாக்கியம் வெளுத்த சேலையோடு, செருப்பில்லாமல் நின்றார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

அதிகாரி சிங்களவர். அந்தப் பக்கத்தில் பல வருடம் வேலை பார்த்ததால் தோட்டத்துத் தமிழ் பேசுவார். எல்லோரும் அவரைச் சிங்களத்தில் மாத்தயா, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிட்டார்கள். கோபப்படமாட்டார், சிரிக்கவும் மாட்டார்.

நான் எழுந்து ஆஸ்பத்திரித் துண்டை நீட்டினேன். பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். மாத்தயா கையைக் காட்டி நிறுத்தினார். தொரையைப் பார்த்து, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பதை நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

தொரை இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். “நிச்சயமாக. எனக்கு மிகவும் வருத்தம். குழந்தை இப்போது நலமா?”

நான் தமிழில் சொன்னதும் பாக்கியம், “நல்லா இருக்கு தொரை” என்றார்.

மாத்தயா துண்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். “இது இல்லேன்னு யாரும் சொல்லலேதானே?”

மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. தொரை மறுப்பார் என்று நினைத்துக்கொண்டு, அவர் மறுக்கவே மறுக்காத ஒன்றை நான் இரண்டரைப் பக்கம் நிரூபித்திருந்தேன். மீதி இருந்தது அந்த ஒற்றை வரி. மாத்தயா அதை விரலால் தொட்டுப் படித்தார்.

“கங்காணி, இவங்க ஒங்ககிட்ட கேட்டதா?”

வீரமுத்துக் கங்காணி தலைப்பாகையைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். “இல்லீங்க மாத்தயா.”

“பாக்கியம், நீங்க சொல்லுங்க. கேட்டதா, கேக்கலையா?”

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். ஆமென்று சொல்லிவிடு அக்கா என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அந்தோணி ஐயா மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

“கேக்கலீங்க மாத்தயா” என்றார் பாக்கியம். “நான் ஏன் பொய் சொல்லணும்?”

அப்போதுதான் மாத்தயா, “அப்படியானால் இங்கே தகராறே இல்லையே” என்றார். தொரை கேட்கவில்லை என்கிறார், இந்தப் பெண்ணும் கேட்கவில்லை என்கிறார், சங்கத்துக் கடிதம் மட்டும் கேட்டார் என்கிறது. அவர் சொன்னது சரி. சண்டை எங்கள் ஆளுக்கும் தொரைக்கும் நடுவில் இருக்கவில்லை. எங்கள் ஆளுக்கும் என் கடிதத்துக்கும் நடுவில்தான் இருந்தது.

தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாத்தயா நாடாவைத் தேடினார். அந்தோணி ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் மனுசன் பழுத்த ஆள். “மாத்தயா, தேத்தண்ணி நேரமாச்சு. கால் மணி நேரம் குடுங்க, எங்காளுகிட்ட பேசிப் பாத்துக்கிறோம்” என்றார்.

மாத்தயா யோசித்தார். “கால் மணி நேரம். அதுக்குப் பிறகு ஃபைல் மூடறது.”

4. கால் மணி நேரம்

விறாந்தையில் குளிர் எலும்பைக் கடித்தது. அந்தோணி ஐயா என்னை நேராகப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்துச் சொன்னார்: “இனி பேச ஒண்ணுமில்ல. உள்ள போயி கெஞ்சுவோம். தொரைக்கும் பிள்ளை குட்டி இருக்கும்.”

நான் பாக்கியத்தின் பக்கம் திரும்பினேன். “அக்கா, நீங்க கேட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா…”

பாக்கியம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “தம்பி, நீங்க எனக்காகப் பேசுனீங்க. ஆனா நான் சொன்னதப் பேசல” என்றார்.

அந்த வரி என் நோட்டுப் புத்தகத்தில் இல்லை. எழுதிவைக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

ஆஸ்பத்திரித் துண்டு கையில்தான் இருந்தது. அதைத் திருப்பி, பின்புறம் நடுவில் ஒரு கோடு இழுத்தேன். ஒரு பக்கம் தொரை, மறுபக்கம் பாக்கியம். இருவரும் ஆமென்கிற வரியை அடித்துவிட வேண்டியது. பெரிய யோசனை ஒன்றும் இல்லை. மூழ்குகிறவன் கையை வீசுகிறானே, அந்த மாதிரி.

பிள்ளைக்குச் சுகமில்லை. தொரை ஆம், பாக்கியம் ஆம். அடித்தேன்.

கேட்காமல் போனார். தொரை ஆம், பாக்கியம் ஆம். அடித்தேன்.

“அக்கா, பெரட்டுல கட்டள வாசிச்சப்ப நீங்க இருந்தீங்களா?”

“மொத வரிசையில நின்னேன். கண்டாக்கையா மூக்க ஒறிஞ்சு ஒறிஞ்சு படிச்சாரு.”

கட்டளை வாசிக்கப்பட்டது. ஆம், ஆம். அதையும் அடித்தேன்.

“இதுக்குப் போயி பேர வெட்டறது அக்கிரமம்னு எழுது” என்றார் அந்தோணி ஐயா, சன்னலைப் பார்த்தபடியே. எழுதினேன். பாக்கியம் பக்கத்தில் ஆம் என்று போட்டேன். தொரை பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. தண்டனை அதிகமா குறைவா என்பதைப் பற்றி அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. திறக்காதவரை அவர் தலையில் ஒரு ‘இல்லை’யை நான் எப்படிக் கட்டுவது? என் ஊகத்தில் எழுதிய வரி கொஞ்ச நேரத்துக்கு முன்தானே என்னைச் சந்தியில் நிறுத்தியது. அதையும் அடித்தேன்.

தாளில் அடிக்காத வரி ஒன்றும் இல்லை. எட்டு நிமிடம் போய்விட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் இருவரும் ஆமென்கிறார்கள். பிறகு ஏன் ஒருவர் சீட்டுக் கொடுத்தார், ஒருவர் அதை அநியாயம் என்று படியேறி வந்தார்?

“அக்கா, கட்டளையும் தெரியும்ங்கிறீங்க, கேக்கவும் இல்லங்கிறீங்க. ஏன் கேக்கல?”

பாக்கியம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பச்சைப்பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பெரியவர்கள் பார்ப்பார்களே, அப்படி. “துணி போட்டாச்சே தம்பி. துணி போட்டப்புறம் யார போயி கேக்கறது?”

“என்ன துணி?”

“அன்னிக்கே சொன்னேனே. நீங்கதான் பேனாவ மூடி வச்சிட்டீங்க.”

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு தோட்டத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. பிள்ளைக் காம்பரா பள்ளத்தில் இருந்தது. மலையிலிருந்து கூப்பிட்டால் கேட்காது, ஆள் அனுப்பினால் ஏறி வர நேரமாகும். அதனால் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் முதல் நாளே ஒவ்வொரு தாயும் தன் பழைய சேலையில் ஒரு முழம் கிழித்து ஆயாவிடம் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைக்கு ஏதாவது ஆனால், அந்தத் தாயின் துண்டை ஆயா மூங்கில் கம்பில் ஏற்றுவார். மலையில் யாராவது ஒருத்தி கண்ணில் அது படும். தன் சேலைத் துண்டைக் கண்டவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடுவாள். பாக்கியத்தின் துண்டு பச்சை, மஞ்சள் கரை. அன்று கம்பில் ஆடியது அதுதான்.

“கட்டள வந்தப்புறமும் இப்படித்தான் போறாங்களா?”

“பின்ன? கட்டள சும்மா போறவங்களுக்கு. துணி பாத்துப் போறவங்களுக்கு என்ன கட்டள?”

தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் எழுதினேன். துணி போட்டால் போதும், கேட்க வேண்டியதில்லை. பாக்கியம் பக்கம் ஆம். தொரை பக்கம் காலியாக இருந்தது. இதையும் நானாக நிரப்பக் கூடாது. அவர் வாயால் வர வேண்டும்.

“ஐயா, கெஞ்ச வேணாம். எனக்கு ஒரே ஒரு கேள்வி கேக்க விடுங்க.”

அந்தோணி ஐயா இப்போதுதான் திரும்பினார். “நீ எழுதுனதே போதும்டா. வாயும் தொறக்கணுமா?”

“துணி போதும்னு தொரை சொல்லிட்டா, கெஞ்ச வேண்டிய அவசியமே இல்ல. போதாதுன்னு சொல்லிட்டா, தகராறு இருக்குன்னு ஆயிரும். ஃபைல மூட முடியாது.”

அவர் தேத்தண்ணீரின் கடைசி மடக்கைக் குடித்தார். “அவரு சும்மா இருந்துட்டா?”

“அப்ப கெஞ்சுங்க.”

5. ஒரே கேள்வி

உள்ளே போனதும் மாத்தயாவிடம் என் கடிதத்தில் அந்த ஒரு வரி தப்பு என்று ஒத்துக்கொண்டேன். பாக்கியம் சொல்லாததை நானாக எழுதினேன் என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளிலேயே கனமானவை அவை. மாத்தயா அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

பிறகு தொரையைப் பார்த்துக் கேட்டேன். “பிள்ளைக் காம்பராவில் ஒரு தாயின் துணி ஏறினால், அவள் கங்காணியைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டுமா, சார்?”

தொரை புருவத்தைச் சுருக்கினார். “என்ன துணி?”

அவருக்குத் தெரியவே தெரியாது. வந்த நாளிலிருந்து தினமும் அந்தக் கம்பைக் கடந்து குதிரையில் போயிருக்கிறார். ஆயா துணி காயப்போடுகிறாள் என்று நினைத்திருக்கிறார். நான் விளக்கிச் சொன்னேன். அவர் பேனாவின் மூடியால் மேசையைத் தட்டிக்கொண்டே கேட்டார். இந்த ஆள் மௌனமாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

“அப்படியானாலும் கேட்கத்தான் வேண்டும்” என்றார் தொரை. “நான் முன்பு இருந்த தோட்டத்தில் ஒரு பெண் சொல்லாமல் நிரையை விட்டுப் போய் வடிகால் கானுக்குள் விழுந்து கிடந்தாள். சாயங்காலம் வரை யாருக்கும் தெரியவில்லை. யார் எங்கே போகிறார்கள் என்பது கங்காணிக்குத் தெரிய வேண்டும். துணியால் அனுமதி கொடுக்க முடியாது. மனிதன்தான் கொடுக்க வேண்டும்.”

பாக்கியத்துக்கு நான் தமிழில் சொன்னேன். அவர் முதல் தடவையாகத் தொரையை நேராகப் பார்த்தார்.

“துணி ஆடறது கங்காணிக்கும் தெரியும்ல தொரை. அவருக்கும் ரெண்டு கண்ணு இருக்குல்ல? எது யாரு துண்டுன்னு மலையில அத்தன பேருக்கும் தெரியும். துணியே போதும்.”

மாத்தயா நாடாவைக் கீழே வைத்தார். பேனாவை எடுத்தார். அன்று அவர் எழுத ஆரம்பித்தது அப்போதுதான். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: துணி போட்டால் போதும் என்பது தொழிலாளி, போதாது என்பது நிர்வாகம். “சரி. தகராறு இருக்கு” என்றார். அவர் இதைச் சொன்னதும் அந்தோணி ஐயாவின் கால் மறுபடியும் என் காலைத் தொட்டது. இந்தத் தடவை மிதிக்கவில்லை.

ஆனால் தகராறு இருக்கிறது என்றால் ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. மாத்தயா கண்டாக்கைப் பார்த்தார்.

“கட்டளை வாசிச்சது நீங்க. துணி போட்டாலும் கேக்கணும்னு அதில இருந்ததா?”

“இல்ல சார். இருந்தத வாசிச்சேன்.”

“கட்டளைக்குப் பிறகு துணி பாத்துப் போன பொம்பளைங்க கேட்டுத்தான் போனதா?”

கண்டாக்கு தொரையின் முதுகைப் பார்த்தார். தொரை திரும்பவில்லை. அந்த மனிதரின் பிழைப்பும் அந்த முதுகில்தான் இருந்தது. “நான் எல்லா நேரமும் மலையில இருக்கிறதில்ல சார். கவனிக்கல” என்றார்.

அவ்வளவுதான், கதவு மூடிக்கொண்டது என்று நினைத்தேன். கங்காணியைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். அப்போது பாக்கியம் வாயைத் திறந்தார்.

“என்ன கண்டாக்கையா இப்படிச் சொல்லிட்டீங்க? என்னைய நிப்பாட்டறதுக்கு முந்தின வாரம் மீனாச்சி துணி ஏறுனப்ப, அவ பாக்காம கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னா. நீங்கதானே மேல் ரோட்டுல நின்னுக்கிட்டு, ‘ஏ மீனாச்சி, ஒன் துணி ஆடுது, கண்ணு அவிஞ்சு போச்சா, ஓடு புள்ள’ன்னு கத்துனீங்க? அன்னிக்கு மலையே சிரிச்சுச்சே!”

பாக்கியம் கத்திய விதத்தில் கண்டாக்கின் குரலும் மூக்குறிஞ்சலும் அப்படியே வந்தன. கங்காணிக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. தலைப்பாகையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாத்தயாவின் மீசைகூட அசைந்த மாதிரி இருந்தது. கண்டாக்கு மட்டும் சிரிக்கவில்லை. அவர் காது சிவந்து, பிறகு வெளுத்தது.

“கத்துனதா?” என்றார் மாத்தயா.

“கத்துனேன் சார்” என்றார் கண்டாக்கு.

“கங்காணியைக் கேட்டுட்டுப் போன்னு சொன்னதா?”

“இல்ல சார். ஓடுன்னுதான் சொன்னேன்.”

இப்போது தொரை திரும்பினார். கண்டாக்கை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன விலை என்பது கண்டாக்குக்குத் தெரியும். ஆனால் தொரை மேசைப் பக்கம் திரும்பி, மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். “நான் கொடுத்ததாக நினைத்த கட்டளை ஒன்று. இவர்கள் பெற்றுக்கொண்ட கட்டளை வேறு. என் சொந்தக் கண்டாக்கே ஓடச் சொல்லியிருக்கும்போது, ஓடியதற்காக நான் பேர் வெட்ட முடியாது.”

பத்துச்சீட்டு வாபஸ். புருஷனுடையதும் சேர்த்துத்தான். மாத்தயா எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கினார். பாக்கியம் கட்டை விரலை மையில் அழுத்தி வைத்தார். பிறகுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

எழுந்து போகிற சமயம் தொரை திரும்பிச் சொன்னார். “திங்கட்கிழமை பெரட்டில் புதிதாக வாசிக்கப்படும். துணி போட்டாலும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இதில் சந்தேகம் வேண்டாம்.”

மாத்தயா அது நிர்வாகத்தின் உரிமை என்றார். இருவரும் முரண்படும் புள்ளியைத் தேடித் தேடிக் கண்டுபிடித்து, அதை வெளிச்சத்தில் தூக்கி வைத்தவன் நான். வெளிச்சத்தில் வைத்தால் எதிர்ப்பக்கத்துக்கும் தெரியத்தானே செய்யும்? அதுவரை எந்தத் தொரைக்கும் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்த துணிக்கு, என்னால் ஒரு கட்டளை வந்துவிட்டது.

6. திங்கட்கிழமை பெரட்டு

அந்தத் திங்கட்கிழமை நான் அங்கே இல்லை. பாக்கியம் சொல்லித்தான் தெரியும். இந்தத் தடவை பேனாவை மூடாமல் கேட்டேன்.

விடியற்காலைப் பெரட்டில், தொரை நிற்க, கண்டாக்கு புதுக் கட்டளையை வாசித்தார். துணி போட்டாலும் கங்காணியைக் கேட்டு, அவர் சரி சொன்ன பிறகுதான் போக வேண்டும். வாசித்து முடித்ததும் கூட்டத்திலிருந்து பாக்கியம் முன்னால் வந்தார். பேர் திரும்பிக் கிடைத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

“கங்காணி” என்றார் பாக்கியம், தொரைக்கும் கேட்கிற மாதிரி. “இன்னிக்கு எந்நேரமாச்சும் என் துணி ஏறுனா, நான் போகலாமா?”

வீரமுத்துக் கங்காணிக்கு முதலில் விளங்கவில்லை. தொரையைப் பார்த்தார், கண்டாக்கைப் பார்த்தார். கடைசியில், “போ” என்றார்.

“கேட்டாச்சு, நீங்களும் சரி சொல்லியாச்சு. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?” என்று சொல்லிவிட்டுப் பாக்கியம் வரிசைக்குத் திரும்பினார். அடுத்து மீனாச்சி முன்னால் வந்தாள். “கங்காணி, என் துணி ஏறுனா நான் போகலாமா?” அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கைப்பிள்ளைக்காரிகள் அத்தனை பேரும் வரிசையாக வந்து கேட்டார்கள். கங்காணி ஒவ்வொருத்திக்கும் போ, போ என்றார். மனிதன்தான் அனுமதி கொடுக்க வேண்டும் என்று தொரை சொல்லியிருந்தார். மனிதன் கொடுத்துவிட்டான். தொரை கடைசி ஆள் கேட்டு முடிக்கிற வரைக்கும் நின்றாராம். பிறகு குதிரையைத் திருப்பிக்கொண்டு, பிள்ளைக் காம்பராப் பக்கம் போய், அந்தக் கம்பை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாராம். அதற்குமேல் கட்டளை எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு பல வருடம் அந்தத் தோட்டத்துப் பெரட்டில், வேலை பிரிப்பதற்கு முன்னால் அந்தக் கேள்வியும் பதிலும் நடந்தன.

நான் கால் மணி நேரம் கோடு கிழித்துக் கண்டுபிடித்த புள்ளியை, எழுதப் படிக்கத் தெரியாத பாக்கியம் அக்கா என்னைவிடத் துல்லியமாகப் பிடித்திருந்தார். தொரைக்கு வேண்டியது கேட்பது. தனக்கு வேண்டியது தாமதமில்லாமல் ஓடுவது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே!

இனி அந்தப் பாலத்துக்கு வருகிறேன், பிள்ளைகளே. பாலம் பழையது என்பதற்கு இருவரும் ஆமென்கிறார்கள், அடித்துவிடுங்கள். பலப்படுத்தியதைப் பற்றி முதல் ஆள் எதுவுமே சொல்லவில்லை. அவருக்காக நீங்கள் இல்லை என்று சொல்லாதீர்கள், அதையும் அடித்துவிடுங்கள். லொறி போகலாமா என்பதில்தான் ஒருவர் ஆம், ஒருவர் இல்லை. பரீட்சைக்கு அது போதும், மதிப்பெண் கிடைக்கும்.

வேலைக்குப் போன பிறகு இன்னொன்று வேண்டும். பரீட்சைத் தாளில் இரண்டு பேரும் சொல்வதை முழுக்க அச்சடித்துத் தருகிறார்கள். நம் மேசைக்கு வருகிறவர்கள் அப்படி அச்சாகி வருவதில்லை. அவர்கள் எதைச் சொல்ல வந்தார்களோ அது கடைசிக் கால் மணி நேரத்தில்தான் வரும். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு சங்க ஆபீஸில் நான் எழுதிய எந்தக் கடிதமும், சொன்னவருக்கு வாசித்துக் காட்டாமல் தபாலுக்குப் போனதில்லை. வந்தவர் பேசி முடித்து, எழுந்து, படியிறங்கிய சத்தம் கேட்ட பிறகுதான் என் பேனாவை மூடியிருக்கிறேன்.